02-மார்ச் சைஸ் கவுன்

“அக்கா, இந்த கவுன் மார்ச் ரெண்டாம் தேதி எக்ஸ்பயரி ஆயிடுமா?”

கடைப்பையன் கிண்டலுக்குக் கேட்கவில்லை. கையில் ரோஜா நிறக் கவுன். கழுத்தோரம் தொங்கும் அட்டையில், அன்று காலை நான் பெருமையாக அச்சடித்து ஒட்டிய லேபிள். மேலே கடைப் பெயர், நடுவில் பார்கோடு, கீழே விலை. விலைக்குப் பக்கத்தில் சைஸ் இருக்க வேண்டிய இடத்தில் ‘02-மார்ச்’. அடுத்த கவுனை எடுத்துப் பார்த்தேன், ‘04-மே’. அதற்கடுத்தது ‘06-ஜூலை’. ஸ்டாண்ட் முழுக்க காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய பிள்ளைகளின் சுடிதாரில் மட்டும் ‘13-14’ என்று ஒழுங்காக இருந்தது. பதினான்காவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அந்தச் சுடிதார்கள் தப்பித்தன.

குழந்தைத் துணியில் 2-3 என்றால் இரண்டிலிருந்து மூன்று வயது. திருப்பூரில் தைப்பவருக்குத் தெரியும், வாங்க வரும் ஆயாவுக்குத் தெரியும். எக்செலுக்குத் தெரியாது. நடுவில் கோடு போட்ட இரண்டு சின்ன எண்களைக் கண்டால் அதற்குத் தேதி ஞாபகம்தான் வரும்.

பெரியப்பாவின் கடை பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் இருக்கிறது. பத்தடி அகலம், உள்ளே போனால் முப்பதடி நீளம். எழுபதுகளின் கடைசியில் குடியாத்தத்திலிருந்து வந்தவர், தலையில் துணி மூட்டையோடு தெருத்தெருவாகப் போய் விற்று, பிறகு இந்தக் கடையைப் பிடித்தார். வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழில் பேரம் பேசுவார்கள், மீதிப்பேர் கன்னடத்திலும் தெலுங்கிலும். பெரியப்பா மூன்றிலும் ஒரே மாதிரி அலுத்துக்கொள்வார். போன தீபாவளிக்கு முன்னால் அண்ணன் ஓசூரிலிருந்து வந்து, பில்லிங் சாஃப்ட்வேரும் ஸ்கேனரும் வாங்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். “லேபிள் அடிக்கிறது சும்மா ஜூஜூபி, நீ பாத்துக்கோ” என்றான். நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம், மிக்ஸி முதல் மோடம் வரை எது நின்றாலும் என்னைக் கூப்பிடலாம் என்பது.

லேபிள் வருவதற்கு முன்னால் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். நூல் கோத்த அட்டை. அதில் பால்பாயின்ட் பேனாவால் விற்பனை விலை. அதற்குக் கீழே பொடியாக ௪௧௮ என்றோ ௨௭௫ என்றோ ஒரு கிறுக்கல். அதுதான் அடக்க விலை. துணிக்கடைகளில் அடக்க விலையை ரகசியக் குறியில் எழுதி வைப்பது பழைய வழக்கம். பேரம் எவ்வளவு தூரம் இறங்கலாம் என்று விற்பவனுக்குத் தெரிய வேண்டும், வாங்குபவருக்குத் தெரியக் கூடாது. எழுத்து திரும்ப வராத பத்தெழுத்துச் சொல்லை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் இலக்கம் கொடுப்பவர்கள் உண்டு. பெரியப்பா அவ்வளவு சிரமப்படவில்லை. அவருடைய தாத்தாவின் கணக்கு நோட்டில் பார்த்துக் கற்ற பழந்தமிழ் எண்களையே எழுதினார். தமிழ் படித்த வாடிக்கையாளர்கூட 418-ஐப் பார்த்து ‘சகஅ’ என்று ஏதோ கம்பெனி முத்திரை போல என்று விட்டுவிடுவார். நாற்பது வருடமாக யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதில் பெரியப்பாவுக்குப் பெருமை. தமிழ் எண்களை மறந்துபோன நம் எல்லோருக்கும் அதில் பங்குண்டு.

சரக்குப் பட்டியல் வாட்ஸ்அப்பில் வரும். திருப்பூர்க்காரர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி. பெரிய யூனிட்டிலிருந்து வருவதில் 890-ல் தொடங்கும் 13 இலக்க எண் இருக்கும். (890 என்றால் இந்தியாவில் தைத்தது என்று அர்த்தமில்லை. அந்த எண்ணை ஒதுக்கியது, உலகம் முழுக்க பார்கோடு எண்களைப் பங்கிடும் ஜிஎஸ்1 அமைப்பின் இந்தியக் கிளை என்றுதான் அர்த்தம். இதைப் பெரியப்பாவிடம் இரண்டு முறை சொன்னேன், இரண்டு முறையும் “சரி, அப்போ இந்தியாதான்” என்றார்.) சின்ன யூனிட்டுகள் தங்கள் டிசைன் நம்பரை மட்டும் தருவார்கள், 00417 மாதிரி. நான் எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் சேர்த்து, சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்து, லேபிள் அடிக்கும் சாஃப்ட்வேருக்கும் பில்லிங்கிற்கும் கொடுத்தேன். தேதிக் கூத்து அப்படித்தான் வந்தது. ஆனால் தேதி கண்ணுக்குத் தெரிந்த தப்பு. தெரியாத தப்பு பார்கோடுக்குள் உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் பெரியம்மா கல்லாவில் இருந்தார். முதல் பில், பட்டுப்பாவாடை. ஸ்கேனர் ‘பீப்’ என்றது. திரையில் ‘பாபா சூட், 375 ரூபாய்’. அடுத்தது ஃபிராக். ‘பீப்’. பாபா சூட், 375. அடுத்தது அரைக்கால் டவுசர். பாபா சூட், 375. பெரியம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “இன்னாமா இது, கடையில வேற துணியே இல்லையா?”

நடந்தது இதுதான். எக்செலின் சாதாரணக் கட்டத்தில் 13 இலக்க எண்ணைப் போட்டால், பதினோரு இலக்கத்தைத் தாண்டிவிட்டது என்று அதைச் சுருக்கி, எட்டு புள்ளி ஒன்பதில் தொடங்கி ‘இ கூட்டல் 12’ என்று முடிகிற அறிவியல் பாணியில் காட்டும். உள்ளே முழு எண்ணும் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது உள்ளே இருப்பது போவதில்லை, கண்ணுக்குத் தெரிவதுதான் போகும். ஒரே கம்பெனியின் எண்கள் எல்லாம் தொடக்கத்தில் ஒன்றுபோல இருக்கும், வித்தியாசம் கடைசி சில இலக்கங்களில்தான். சுருங்கியது அந்தக் கடைசிதான். ஆக நூற்றுச்சொச்சம் ரகங்களுக்கும் ஒரே பெயர். பில்லிங் சாஃப்ட்வேர் அத்தனை வரிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிக்கொண்டே வந்து, கடைசி வரியான பாபா சூட்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டது.

எனக்கு ஆச்சரியம், பார்கோடு இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்பதில். நான் தேர்ந்தெடுத்திருந்தது கோட் 128 என்ற பார்கோடு வகை. அது வெள்ளந்தி. 1981-ல் வந்த முறை. ஆங்கில எழுத்து, எண், புள்ளி, கூட்டல் குறி எதைக் கொடுத்தாலும் கோடாக மாற்றித்தரும். கடைசியில் 103-ஆல் வகுத்த மீதியை வைத்து ஒரு சரிபார்ப்புக் குறியும் தானே போட்டுக்கொள்ளும். ஆனால் அந்தக் குறி காப்பது அச்சடித்ததையும் படித்ததையும்தான். நாம் கொடுத்ததே குப்பை என்றால், குப்பையை ஓர் எழுத்து பிசகாமல் படித்து ‘பீப்’ என்று சந்தோஷமாகக் கூவும்.

கடைப் பொருட்களில் வழக்கமாக இருக்கும் ஈஏஎன்-13 என்ற பார்கோடு முறையைப் போட்டிருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பேன். அதற்கு எண் மட்டும்தான் வேண்டும், அதுவும் சரியாக 13. கடைசி இலக்கம் மற்ற பன்னிரண்டுக்கும் சாட்சி. இடமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை 1-ஆலும் 3-ஆலும் பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி இலக்கம். கடைக்குள் மட்டும் புழங்குவதற்கென்று 20 முதல் 29 வரை தொடங்கும் எண்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் 200000000417 என்று எடுத்துக்கொண்டால்: 2, நாலு மூணு பன்னிரண்டு, 1, ஏழு மூணு இருபத்தொன்று. கூட்டினால் 36. நாற்பதுக்கு 4 குறைகிறது, எனவே 2000000004174. ஏதாவது ஓர் இலக்கம் தப்பானால் இது கட்டாயம் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடிக்கும். ஐந்து வித்தியாசமுள்ள ஜோடி மாறினால் மட்டும் ஏமாந்துவிடும், 1-ம் 6-ம், 2-ம் 7-ம் மாதிரி. டெஸ்டிங்கில் இருப்பவளுக்கு இந்த மாதிரி ஓட்டை தெரிந்தால் அன்று இரவு நல்ல தூக்கம் வரும்.

சிஎஸ்வியை மறுபடி உருவாக்க உட்கார்ந்தபோதுதான் 00417-ன் கதி தெரிந்தது. அது 417 ஆகியிருந்தது. வேறொரு யூனிட்டின் 417 ஏற்கெனவே இருந்தது. ஒன்று பனியன், இன்னொன்று கிராண்ட் கவுன். சைஸைத் திருத்தலாம் என்று தேதிக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றினேன். ‘02-மார்ச்’ போய் 45718 வந்தது. எக்செலுக்குத் தேதி என்பதே நாள் கணக்கு. 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டே வருகிறது. 2025 மார்ச் 2 அதன் கணக்கில் 45718-வது நாள். (அந்தக் கணக்கிலும் ஒரு நாள் பொய். 1900 லீப் வருடம் இல்லை. எக்செலுக்கு முன்பே இருந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு ஷீட் அதை லீப் வருடம் என்று தப்பாக எண்ணியது, அதோடு ஒத்துப்போக எக்செலும் தெரிந்தே அந்தத் தப்பைத் தொடர்ந்தது.) இரண்டு வயதுக் குழந்தையின் கவுனுக்கு சைஸ் 45718. இதற்கு 02-மார்ச்சே தேவலை.

பெரியப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “நம்பரத்தானேமா குடுத்த? அதுல இன்னா கொழப்பம்?”

விளக்க முயன்றேன். பாதியில் எனக்கே விளங்கியது. 00417 எண்ணே இல்லை. அதை யாரும் கூட்டப் போவதில்லை, இரண்டால் பெருக்கப் போவதில்லை, சராசரி எடுக்கப் போவதில்லை. கூட்டிக் கழிக்காத எண்ணுக்கு முன்னாலிருக்கும் பூஜ்ஜியத்துக்கும் மதிப்புண்டு, பெயருக்கு முன்னாலிருக்கும் இனிஷியல் மாதிரி. ரேஷன் கார்டு நம்பர், போன் நம்பர், பின்கோடு எல்லாமே இலக்கங்களால் எழுதிய பெயர்கள். கணக்குப் போடவே பிறந்த ஷீட்டுக்கு அது புரியாது. இலக்கத்தைப் பார்த்தால் அளவு என்றுதான் எடுத்துக்கொள்ளும். பெரியப்பாவின் அட்டையில் இந்தக் குழப்பம் வந்ததே இல்லை. டிசைன் நம்பரை அவர் ஒருநாளும் நம்பராக நினைத்ததில்லை. “அந்த நானூத்திப்பதினேழு இருக்கே, ஜரிகை வெச்சது” என்று ஆளைச் சொல்வது மாதிரிதான் சொல்வார்.

விஞ்ஞானிகளே இதில் அடிபட்டிருக்கிறார்கள். மனித மரபணுக்களில் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் மார்ச்1, செப்ட்1 என்று இருந்தன. ஆராய்ச்சித் தரவுகளில் எக்செல் அவற்றைத் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருக்க, கடைசியில் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. இதைப் படித்தபோது ஸ்ரீராம்புரத்துக் கடையில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மருந்து கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. வந்த கோப்பை இரட்டைக் கிளிக்கில் திறக்கக் கூடாது. காலி ஷீட்டைத் திறந்து, டேட்டா பகுதியிலிருந்து சிஎஸ்வியை இறக்குமதி செய்து, நம்பர் நெடுவரிசையும் சைஸ் நெடுவரிசையும் ‘டெக்ஸ்ட்’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மதிப்பு மாறிய பிறகு டெக்ஸ்ட் ஆக்குவது, பால் திரிந்த பிறகு ஃபிரிட்ஜில் வைப்பது. கையால் அடிப்பதாக இருந்தால் முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி. கூகுள் ஷீட்ஸில் ‘பிளெய்ன் டெக்ஸ்ட்’. புதிய எக்செலில் இந்தத் தானியங்கி மாற்றத்தை அணைக்கவே அமைப்பு வந்திருக்கிறது, ஆனால் திருப்பூரில் பட்டியல் அடிப்பவரின் கணினியில் என்ன வெர்ஷன் என்பது நம் கையில் இல்லை. கடைசியில் நான் செய்தது இன்னும் எளிது. யூனிட்டுகளின் எண்களை ஓரமாக வைத்துவிட்டு, கடைக்கென்று சொந்தக் குறியீடு. ‘எஸ்’ என்ற ஆங்கில எழுத்து, பிறகு ஐந்து இலக்கம். முன்னால் ஓர் எழுத்து நின்றால் போதும், ஷீட் கை வைக்காது. எந்த எழுத்து என்பதில் மட்டும் கவனம் தேவை. முதலில் ‘டிஇசி’ என்று மூன்றெழுத்து போடப் பார்த்தேன். டிஇசி12 டிசம்பர் 12 ஆனது. தலையில் அடித்துக்கொண்டு ‘எஸ்’ஸுக்கு வந்தேன்.

சைஸுக்கு நடுவில் கோடு எடுத்துவிட்டு ‘2 முதல் 3’ என்பதற்கு ஆங்கிலச் சொல்லையே போட்டேன். அசிங்கமாக இருக்கிறது, ஆனால் மாறுவதில்லை.

இனி பிரின்டர். அதைச் சொல்லாவிட்டால் பாதிக் கதை போய்விடும்.

ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் சிக்பேட். இறங்கி நடந்தால் எஸ்பி ரோடு, அதாவது சதர் பத்ரப்பா ரோடு. கேபிளும் சர்க்யூட் போர்டும் பழைய மானிட்டரும் சந்துக்குச் சந்து அடுக்கியிருக்கும். அங்கே ஒரு கடையில் பழைய தெர்மல் லேபிள் பிரின்டர் வாங்கினேன். ரிப்பன் போடுகிற வகை. ரிப்பன் இல்லாமல் சூட்டில் கறுக்கும் காகிதமும் உண்டு, பில் அடிப்பார்களே அது. வெயில் படும் கடை வாசலில் தொங்கும் துணிக்கு அது ஆகாது, மங்கிப்போகும். லேபிள் ரோல் 38-க்கு 25 மி.மீ., ஒரு வரிசையில் இரண்டு லேபிள். புதுக் குறியீடு போட்டு அடித்தேன். ஒன்று படிக்கிறது, அடுத்தது படிக்கவில்லை. மூன்றாவது படிக்கிறது, நான்காவது இல்லை.

ஒன்றுவிட்டு ஒன்று என்றால் என் புத்தி டேட்டாவுக்குத்தான் போகும். ஷீட்டில் ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் ஒப்பிட்டேன். ஃபார்முலாவைப் பிரித்தேன். இரண்டு மணி நேரம் போனது. டீ கொண்டுவந்த கடைப்பையன் லேபிள் வரிசையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “அக்கா, இந்தப் பக்கம் மட்டும் முடி மாதிரி ஒரு கோடு வருது” என்றான். வந்தது. வலப்பக்க லேபிள் எல்லாவற்றிலும், மேலிருந்து கீழாக, மெல்லிய வெள்ளைக் கோடு.

203 டிபிஐ பிரின்டரின் தலையில் ஒரு மில்லிமீட்டருக்கு எட்டு சூட்டுப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். ஒரு புள்ளி செத்துப்போனால் காகிதம் ஓடும் திசையில் அந்த இடம் முழுக்க வெள்ளையாக விடுபடும். என் பார்கோடில் மெல்லிய கோடு ஒன்றின் அகலமே இரண்டு புள்ளி. அதில் ஒன்று போனால் ஸ்கேனருக்கு அது வேறு எழுத்து, அல்லது எழுத்தே இல்லை. ஒரு வரிசையில் இரண்டு லேபிள் என்பதால்தான் ஒன்றுவிட்டு ஒன்று. டேட்டாவில் ஒரு பாவமும் இல்லை.

விற்ற கடைக்காரரிடம் போனேன். “ஹெட் மாத்தணும் மேடம்” என்று சொன்ன விலைக்கு இன்னொரு பழைய பிரின்டரே வாங்கலாம். அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ‘எஸ்’ஸும் ஐந்து இலக்கமும் கோட் 128-ல் 101 அலகு. அலகு என்பது மிக மெல்லிய கோட்டின் அகலம். இரு ஓரமும் பத்துப் பத்து அலகு வெற்றிடம் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் எங்கே தொடங்குகிறது என்று ஸ்கேனருக்குத் தெரியாது. மொத்தம் 121. அலகுக்கு இரண்டு புள்ளி, அதாவது கால் மில்லிமீட்டர் என்றால் 30.25 மி.மீ. லேபிள் 38. ஏழரை மி.மீ.க்கு மேல் மிச்சம். செத்த புள்ளி விழுவதோ ஓரத்திலிருந்து நாலு மி.மீ.யில். பார்கோடை மறுபக்கம் தள்ளினேன். வெள்ளைக் கோடு போய் வெற்றிடத்தில் விழுந்தது. வெள்ளையில் வெள்ளை. அந்த பிரின்டர் இன்றும் அப்படித்தான் ஓடுகிறது.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்தது. பார்கோடை மவுஸால் இழுத்துப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கூடாது. கோட்டின் அகலம் ஒரு புள்ளி, இரண்டு, மூன்று என்று முழு எண்ணிக்கையில்தான் இருக்க முடியும். இரண்டரைப் புள்ளி என்று நாம் இழுத்துவிட்டால், பிரின்டர் ஒரு கோட்டுக்கு இரண்டும் இன்னொன்றுக்கு மூன்றும் கொடுத்துச் சமாளிக்கும். கண்ணுக்கு அழகாக இருக்கும், ஸ்கேனர் முழிக்கும். ஈஏஎன்-13-க்கு நான் போகாததற்கும் இதுதான் காரணம். அதற்கு ஓரங்களோடு 113 அலகு. மூன்று புள்ளியில் 42 மி.மீ.யைத் தாண்டும், லேபிளில் அடங்காது. இரண்டு புள்ளியில் அடங்கும், ஆனால் அலகு 0.25 மி.மீ. ஆகிவிடும். விதியின் வழக்கமான கீழ் எல்லை 0.264, தெர்மல் பிரின்டர் மாதிரியானவற்றுக்கு மட்டும் 0.249 வரை சலுகை. அந்த விளிம்பில் நிற்க எனக்கு மனமில்லை. ஏ4 ஸ்டிக்கர் தாளில் சாதா பிரின்டரில் அடிப்பவர்களுக்கும் இதே கதைதான், ‘ஃபிட் டு பேஜ்’ என்ற வடிவில். அதை எடுத்துவிட்டு ‘ஆக்சுவல் சைஸ்’ வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பார்கோடை முதலில் யோசித்தவர்களில் ஒருவரான ஜோசப் உட்லேண்ட், மயாமி கடற்கரையில் உட்கார்ந்து மோர்ஸ் புள்ளியையும் கோட்டையும் மணலில் போட்டு, விரலால் கீழே இழுத்துப் பார்த்தாராம். அவரும் பெர்னார்ட் சில்வரும் 1949-ல் விண்ணப்பித்த காப்புரிமை 1952-ல் கிடைத்தது. கடையில் முதல் ‘பீப்’ கேட்க 1974 ஜூன் 26 வரை ஆனது, ஒஹையோவின் டிராய் ஊரில், ஒரு சூயிங்கம் பாக்கெட்டுக்கு. மணலில் விரல் என்றதும் பெரியப்பா நிமிர்ந்தார். அவருடைய அப்பா திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் படித்தவர். “அப்போ அவனும் நம்மாளுதான்” என்றார்.

எல்லாம் படிக்க ஆரம்பித்த பிறகு பெரியப்பா மெதுவாகக் கேட்டார், “என் கணக்கு எங்கமா?” அடக்க விலை. கம்ப்யூட்டரில் இருக்கிறது பெரியப்பா, ஸ்கேன் பண்ணினால் தெரியும் என்றேன். “கஸ்டமர் எதிர்ல நிக்கறப்ப கம்ப்யூட்டரப் போய்ப் பாக்க முடியுமா? கையில துணிய எடுத்தா தெரியணும்.” நியாயம். பத்து ‘சப்ஸ்டிட்யூட்’ ஃபார்முலாவை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினேன். 0-க்கு ௦, 1-க்கு ௧, 2-க்கு ௨. முதல் லேபிளில் மூன்று கட்டங்கள் மட்டும் வந்தன. பிரின்டரின் உள்ளே இருக்கும் எழுத்துருவுக்குத் தமிழ் தெரியாது. கணினியின் எழுத்துருவை வைத்து அந்த இடத்தைப் படமாக அனுப்பிய பிறகு, விலைக்குக் கீழே பொடியாக ௪௧௮ வந்தது. பெரியப்பா கண்ணாடியைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். “நாலுக்கு வால் இன்னும் கொஞ்சம் நீளமா இருக்கணும்” என்றார்.

பொங்கல் சரக்குக்கான பட்டியல் போன வாரம் வந்தது. நான் ஆபீஸில் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். கடைப்பையன் இப்போது ஷீட் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். போன் வந்தது.

“அக்கா, நீங்க சொன்ன மாதிரியே டெக்ஸ்ட்டா எடுத்துட்டேன். ஆனா டிசைன் நம்பர் பூராவும் மூலையில பச்சையா ஒரு முக்கோணம் வருது. அமுக்குனா ‘கன்வெர்ட் டு நம்பர்’னு கேக்குது. சரி பண்ணிடட்டுமா?”

“டேய், தொடாத!”

மீட்டிங்கில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மைக் அணைந்திருக்கவில்லை.